நீலத்துரை கல்

நம்மைப் போல முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பொழுதைத் தள்ளுகிறவர்கள் ஒன்று கூடினால், பேச்சு எப்படியும் பேய்க்குப் போய்விடுகிறது. போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. ஒருத்தி புளியமரத்தடியில் பார்த்ததைச் சொன்னாள். இன்னொருவர் ஓடைக்கரையில் கேட்ட கொலுசுச் சத்தத்தைச் சொன்னார். என் முறை வந்தபோது, எனக்கு அந்த மாதிரி ஒன்றும் நேர்ந்ததில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். அது பொய். பேயின் இரண்டு கைகளையும் உச்சி வெயிலில், நாலடி தூரத்தில் பார்த்தவள் நான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் மீதியையும் சொல்ல வேண்டிவரும். நேரில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வெண்ணந்தூருக்கு நாலு மைல் வடக்கே, பத்து முப்பது வீடு. அந்த வருஷம் சித்திரையில் ஒரு தூறல்கூட விழவில்லை. கிணற்றில் தண்ணீர் அடியோடு இறங்கிப்போய், ஐயன் ஆட்களை விட்டுப் பாறையை உடைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அப்பாவை ஐயன் என்றுதான் சொல்வோம். அவர் பகலில் வயற்காட்டைவிட்டு வீட்டுக்கு வருவதில்லை. அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. அம்மா கம்மஞ்சோற்றைக் கரைத்து, நாலு சின்ன வெங்காயத்தை இலையில் மடித்து வைத்து, பித்தளைத் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுப்பாள். அந்தப் போசி அம்மாவின் பிறந்த வீட்டில் கொடுத்தது. கழுத்தில் அவள் அப்பாவின் பெயரெழுத்து வெட்டியிருக்கும். அது நெளிந்தால்கூட எனக்கு அடி விழும்.

ஊருக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவில் ஒரு தரிசு. அதில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய நாலு பெரிய தொட்டிகள், சுவர் இடிந்து, வேர் புகுந்து கிடக்கும். முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து, அந்த நிலமெல்லாம் அவுரி பயிரிட்டு, தொட்டியில் ஊறவைத்து நீலம் எடுத்தானாம். அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். எந்தக் காலம், எந்தத் துரை, ஏன் போனான், ஒன்றும் தெரியாது. தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு வேலமரம். அதன் கீழே அந்தக் கல் நின்றது.

என் நெஞ்சுயரம் இருக்கும். மேலே வளைந்த கருங்கல். நம் ஊர்க் கல்தச்சர்கள் கொத்தும் கல் மாதிரி சொரசொரப்பாக இல்லாமல், தேய்த்த வழவழப்பு. முகப்பில் இங்கிலீஷ் எழுத்து. எங்கள் ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. படிக்க முடியாததாலேயே அது பெரிய பயம். நீலத்துரை கல் என்று பெயர். ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்த நிழலில் உட்கார மாட்டார்கள்.

பெரியப்பா மகள், என் அக்கா, அதைப் பற்றிச் சொல்வாள். "மொழங்கை வரைக்கும் கையி நீலமா இருக்கும் புள்ளே. உச்சிப்பொழுதுல எந்திரிச்சு வந்து தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டுத் திரியும். குடுத்தாலும் புடிச்சுக்கும், குடுக்காட்டியும் புடிச்சுக்கும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"கேட்டுருச்சுன்னா அவ்வளவுதான். ஒண்ணும் பண்ண முடியாது."

நான் தினமும் அந்த வழியாக உச்சிப்பொழுதில்தான் போக வேண்டும். சுற்றிப் போனால் சோறு தாமதமாகும், ஐயன் கோபிப்பார். வேலமரம் கண்ணில் பட்டதும் போசியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். தொட்டி மேட்டை எட்டியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடப்பேன். நூற்றுப்பத்து அடி. காலடியில் மண் கொதிக்கும். சில்வண்டுகள் காதைத் துளைக்கும். சில நாள் அவை சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் என் காலடியை உரக்க எண்ணுவேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கனவிலும் நடந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "பகல்லே என்னடி பயம்? உன்னையாட்ட வயசுல நான் மாடு மேய்ச்சேன்" என்றாள்.

அந்த நாள் நான் காலிப் போசியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். நூற்றுப்பத்தில் பாதி எண்ணியிருப்பேன். காலில் நெருஞ்சி முள் ஏறிவிட்டது. கண்ணைத் திறந்தேன். கல்லுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

கல் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அடியில் ஒரு வாழை இலைத் துண்டு. அதில் உடைத்த தேங்காய் மூடி, இரண்டு அச்சு வெல்லம், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. எங்கள் வீட்டில் வெல்லம் தீர்ந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. எவ்வளவு பயம் இருந்ததோ அவ்வளவு ஆசையும் வந்தது. போசியைக் கீழே வைத்தேன். ஒரு அச்சு வெல்லத்தை வாயில் போட்டேன். பிறகு இன்னொன்று. பொட்டுக்கடலையை அள்ளி வாய் நிறையத் திணித்துக்கொண்டேன்.

"ஆரு அம்மிணி அது? இரு, ஓடாதே."

திரும்பினேன். தொட்டிச் சுவருக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. முழங்கை வரைக்கும் நீலம். நகம்கூட நீலம். அந்தக் கைகள் ஒரு மண்கலயத்தைப் பிடித்திருந்தன. முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஓடினேன். கடலை மூச்சுக்குழாயில் ஏறி இருமிக்கொண்டே, காலில் முள்ளோடு ஓடி, வீட்டு வாசலில் விழுந்தேன். போசி கல்லடியிலேயே கிடந்தது.

சாயங்காலமே காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டே கேட்டார். "என்ன பார்த்தே சாமி?"

"கையி. ரெண்டும் நீலம்."

"என்ன கேட்டுச்சு?"

எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயன் தலைமாட்டில் நின்றார். கல்லடியில் வைத்ததைத் தின்றேன் என்று சொன்னால் என்ன ஆகும்? போசியை விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால்? "தண்ணி கேட்டுச்சு" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "எம் பேரைச் சொல்லிக் கூப்புட்டுச்சு. போசியப் புடுங்கிக்கிச்சு" என்றேன்.

அம்மா வாயில் துணியை வைத்து அழுதாள். பூசாரி வேப்பிலையைக் கீழே வைத்தார். "பேரு தெரிஞ்சிருக்குதுன்னா இது தானா வந்ததில்லீங்க. ஆரோ எழுப்பி உட்டிருக்காங்க. உங்க கெணத்துல தண்ணி வராததுக்கும் இதுதானுங்க காரணம்."

சித்தப்பா, ஐயனின் தம்பி, முன்கோபி. மறுநாளிலிருந்து அவரும் இரண்டு ஆட்களும் தொட்டிக்குள் பதுங்கிக் காவல் இருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த அன்று, மத்தியானம், ஊரே களத்துமேட்டுக்கு ஓடியது. பிடித்துவிட்டார்களாம்.

என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். களத்து நடுவில், பூவரச மரத்தில் ஒரு பெண்ணைக் கட்டியிருந்தார்கள். அம்மாவைவிடச் சற்று மூத்தவள். மெலிந்த உடம்பு. கன்னத்தில் அடித்த வீக்கம். பக்கத்தில் நூல்மூட்டை ஒன்று அவிழ்ந்து மண்ணில் புரண்டிருந்தது. அந்த நூலும் அவள் கைகளும் ஒரே நீலம். அவள் காலடியில் எங்கள் தூக்குப்போசி இருந்தது.

"குடுக்கத்தானுங்க கொண்டாந்தேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "புள்ளை போட்டுட்டு ஓடிருச்சு. ஆராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு நான் ஊட்டுக்குக் கொண்டுபோனேனுங்க. இன்னிக்கு நூலு குடுக்க இந்தப் பக்கம் வந்தேன். கையோட குடுத்துட்டுப் போலாம்னுதானுங்க..."

"மந்திரிச்சுக் கொண்டாந்தியா?" என்று சித்தப்பா கையை ஓங்கினார்.

ஐயன் அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். "நீ ஆரு? அந்தக் கல்லுகிட்ட உனக்கென்ன சோலி?"

அவள் வெண்ணந்தூர்ச் சாயக்காரி. சண்டை வந்து சீமைச் சாயம் கிடைக்காமல் போனதும், மறுபடி அவுரியில் நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். அதனால்தான் கை இப்படி என்றாள்.

"எங்க அப்பாரு அந்தத் தொட்டியில எறங்கி நீலம் கலக்குனவருங்க" என்றாள். எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்பார்கள். "அந்தத் தொரைக்கு வாந்திபேதி கண்டப்ப, ஒட்டிக்கும்னு பயந்துக்கிட்டு ஆருமே கிட்டப் போகலைங்களாம். தண்ணி தண்ணின்னு ரெண்டு நாளு கேட்டாருங்களாம். எங்க அப்பாரும் எட்டத்துலயே நின்னுட்டாரு. செத்தபொறவுதான் போயிருக்காங்க. அந்த வெசனத்துல, வருசத்துக்கு ஒருக்காத் தண்ணி உடோணும்னு சொல்லிட்டுச் செத்தாரு. எங்க ஐயன் வந்துக்கிட்டிருந்தாரு. அவரும் போன ஐப்பசியில தவறிட்டாருங்க. இந்த வருசம் நான் வந்தேன்."

"அந்தத் தொரை என்ன, அவ்வளவு நல்லவனா?" கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அது தெரியாதுங்க. அப்பாரு முதுகுல அவரு அடிச்ச தழும்பு இருந்துச்சு, நானே பார்த்திருக்கறேன். ஆனாத் தண்ணி கேட்டாரில்லீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "இந்தப் புள்ளையைக் கேளுங்க. வெல்லமும் கடலையும் அதுதான் தின்னுக்கிட்டிருந்துச்சு. நான் திட்டக்கூட இல்லீங்க. இருன்னுதான் சொன்னேன். சொல்லு அம்மிணி."

ஐயன் என்னைப் பார்த்தார். "தின்னியா?"

அவள் பேய் இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவள் உதடு வெடித்திருந்தது. கட்டிய கயிற்றுக்குக் கீழே கை வீங்கியிருந்தது. தின்றேன் என்று சொன்னால் போதும். ஆனால் ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. சித்தப்பாவின் கண் சிவந்திருந்தது. அவளுக்கு விழுந்த அடி அடுத்து எனக்கு விழும் என்று நினைத்தேன்.

"இல்லை" என்றேன்.

அதற்குப்பின் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா கதிரரிவாளை எடுத்து அவள் கூந்தலை உச்சந்தலையோடு ஒட்டிப் பிடித்து அறுத்தார். அரிவாளுக்கு முடி சுலபமாக வராது. பிடித்துப் பிடித்து இழுத்தார். அவள் சத்தம் போடவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐயன் தடுக்கவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் அவள் நூலைப் பொறுக்கினாள். ஒவ்வொரு கட்டாக மண்ணைத் தட்டி மூட்டையில் வைத்தாள். யாரும் உதவிக்குக் குனியவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெண்ணந்தூர்ப் பாதையில் போனாள்.

அதோடு விடவில்லை. கல்லைப் பிடுங்கி ஓடையில் தள்ளிவிட வேண்டும் என்று சித்தப்பா கடப்பாரையோடு கிளம்பினார். எல்லாரும் போனோம். கல் மண்ணுக்குள்ளே ஒரு முழம் புதைந்திருந்தது. ஆறு பேர் சேர்ந்து நெம்பிச் சாய்த்தார்கள். நாளடைவில் மண் மூடிப்போன பகுதியில் ஏதோ கீறல் தெரிந்தது. ஐயன் மேல்துண்டால் துடைத்தார். தமிழ் எழுத்து. கோணல் மாணலாக, கல்தச்சன் அல்லாத கை வெட்டியது. ஐயனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"நீலத்தொட்டி ராபட் துரை இதில் அடக்கம். தொட்டி ஆட்கள் வைத்த கல். வருஷம் ஒருதரம் தண்ணீர் விடவும்."

படித்து முடித்தபின் அவர் நிமிரவே இல்லை. சித்தப்பா கடப்பாரையை மண்ணில் ஊன்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பூசாரி எப்போது நழுவினார் என்று தெரியவில்லை. அந்தப் பெண் சொன்னதெல்லாம் நிஜம் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. யாராவது வெண்ணந்தூருக்கு ஓடுவார்கள் என்று நான் காத்திருந்தேன்.

ஐயன் ஆட்களைக் கொண்டு கல்லைத் திரும்ப நட்டார். எல்லாரையும் போகச் சொன்னார். என்னைப் போகச் சொல்ல மறந்துவிட்டார். ஒரு குடம் தண்ணீரை அவரே தூக்கிக் கல்லின்மேல் ஊற்றினார். மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கோயிலைத் தவிர வேறெங்கும் ஐயன் அப்படி நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வந்தது.

"ஐயா" என்றேன். "நாந்தான் தின்னேன்."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். சுற்றிலும் ஒருதரம் பார்த்தார். பிறகு, "இதை இன்னொருத்தர்கிட்டச் சொல்லக் கூடாது. உங்கம்மாகிட்டக்கூட" என்றார். அவ்வளவுதான். குடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

என் மகள் கல்லூரிக்குப் போன காலத்தில் அவளை அங்கே கூட்டிப்போய், மேலே உள்ள இங்கிலீஷைப் படிக்கச் சொன்னேன். துரையின் பெயர் இருந்தது, குடும்பப் பெயர் உடைந்திருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தான் என்பதும் சிதைந்திருந்தது. வயது மட்டும் தெளிவாக இருந்தது. முப்பத்தொன்று. "பாவம்மா, சின்னப் பையன்" என்றாள் அவள். ஐயனுக்கு அந்தச் சித்திரையில் முப்பத்தேழு. சின்ன வயதில் நாங்கள் அந்தத் துரைக்கு மனசுக்குள் நரைத்த தாடியெல்லாம் வைத்திருந்தோம். இப்போது அந்த இடத்தில் சாலை போகிறது. கல் எங்கே போனது என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

மறுபடி அந்த வருஷத்துக்கு வருகிறேன். போசி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா புளி போட்டுத் துலக்கி ஆணியில் மாட்டினாள். ஐயனுக்குச் சோற்றை என்னிடம் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆவணியில் மழை பெய்தது. கிணற்றில் ஊற்று வந்தது. ஊர் அந்தச் சாயக்காரியை மறந்துவிட்டது. நான்தான், எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவள் வந்துவிட்டாள் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். எப்போதாவது கல்லைத் தாண்ட நேர்ந்தால் அதன்பின் நான் கண்ணை மூடியதில்லை. வெண்ணந்தூர் என்று யாராவது சொன்னால்தான் கண்ணை மூடிக்கொள்வேன். அவளுக்கு என்ன பெயர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஊர்ப்பெயரே அவள் பெயராகிவிட்டது.

ஐப்பசியில் அம்மா என்னை ராசிபுரம் சந்தைக்குக் கூட்டிப்போனாள். மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தபோது சுண்ணாம்புக் கடையில் அந்தக் கைகளைப் பார்த்தேன். சாயத்தொட்டிக்குச் சுண்ணாம்பு வாங்க வந்திருந்தாள். தலையில் துணி. அதற்குக் கீழே காதுவரைக்கும் வளர்ந்த முடி. என் கால் பின்னால்தான் போனது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. அவளுக்கு எதிரே நின்றிருந்தேன்.

"நாந்தானுங்க தின்னேன்."

அவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுகொண்டதும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தாள். சித்தப்பா வந்திருக்கிறாரா என்று பார்த்தாள். அவளும் பயந்தாள்.

"என்ன அம்மிணி?" என்றாள் மெதுவாக.

"வெல்லமும் கடலையும். நாந்தானுங்க தின்னேன். நீங்க சொன்னதெல்லாம் நெசமுங்க. நாந்தானுங்க பொய் சொன்னேன்."

அவள் சுண்ணாம்புக் கூடையை இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதெ அன்னிக்குச் சொல்லியிருக்கோணும் அம்மிணி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாதவளுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். என் கையை இறுகப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். சாயங்காலம் ஐயன் சாப்பிட உட்கார்ந்தார். நான் நெல்குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நம்ம புள்ளை சொல்லிருச்சுங்க" என்றாள் அம்மா.

"ஆருகிட்ட?"

"அந்தப் பொம்பளைகிட்டயே. சந்தையில, நாலு பேருக்கு முன்னால."

தட்டில் கை அலம்பும் சத்தம் கேட்டது. பாதிச் சோறு அப்படியே இருந்ததைப் பிறகு பார்த்தேன். அவர் எழுந்து குதிர் பக்கம் வந்தார். என் கால்விரல் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. இழுத்துக்கொள்ள முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மாட்டுக்குத் தீனி போடப் போனார்.

அடி விழவில்லை. தை பிறக்கும்வரை அவர் என்னோடு பேசவும் இல்லை.